தேக்குக் கதவு ஓரம் கருகினால் ஃபீடைக் குறைக்காதீர்கள்

கேள்வி: வணக்கம் அண்ணா. கும்பகோணம் பக்கம் அப்பாவின் மரப் பட்டறை, பரம்பரையாகக் கதவு, நிலை வேலைதான். போன வருடம் 1325 சிஎன்சி ரூட்டர் (கணினி சொல்கிறபடி மரத்தை வெட்டிக் குடையும் மெஷின்) வாங்கினோம், கட்டரைச் சுழற்றும் மோட்டார் 3 கிலோவாட் வாட்டர் கூலிங் ஸ்பிண்டில். மெஷின் கொடுத்தவர் மரத்துக்கு 24,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), ஃபீட் (கட்டர் மரத்தில் நகரும் வேகம்) நிமிடத்துக்கு 1500 மி.மீ. என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தேக்கில் 6 மி.மீ. இரண்டு ஃப்ளூட் (வெட்டு விளிம்பு) கட்டர் போட்டு, பாஸுக்கு, அதாவது ஒரு ஓட்டத்துக்கு, 3 மி.மீ. ஆழம் வைத்து ஓட்டுகிறோம். ஓரம் கருகுகிறது, இரண்டு கதவுக்கு ஒரு கட்டர் போகிறது. ஃபீடை 1000 ஆகக் குறைத்தால் இன்னும் மோசம். பிளைவுட்டுக்கு கம்ப்ரஷன் பிட் வாங்கிப் போட்டும் மேல் வெனியர் பிய்கிறது. சாமி உருவம் குடையும்போது 3000 கொடுத்தாலும் மெஷின் அந்த வேகத்தில் ஓடுவதில்லை. எந்த மரத்துக்கு எவ்வளவு என்று ஒரு சார்ட் போட்டுக் கொடுத்தால் உதவியாக இருக்கும். படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்:

தம்பி, நீங்கள் அனுப்பிய படத்தை முதலில் பெரிதாக்கிப் பார்த்தேன். கருப்பு எங்கே இருக்கிறது என்று நீங்களும் ஒருமுறை பாருங்கள். நேர்க்கோட்டில் லேசான பழுப்புதான், நான்கு மூலையிலும் கட்டர் முதலில் இறங்கிய இடத்திலும்தான் நன்றாகக் கருகியிருக்கிறது. மூலையில் மெஷின் திரும்ப வேண்டும் என்பதால் ஒரு கணம் வேகம் குறையும், இறங்கும் இடத்தில் பக்கவாட்டு நகர்வே கிடையாது, ஆனால் ஸ்பிண்டில் மட்டும் அதே 24,000-ல் சுற்றிக்கொண்டிருக்கும். ஆக எங்கெல்லாம் மெதுவாகப் போகிறதோ அங்கெல்லாம் கருகுகிறது. ஃபீடைக் குறைத்ததும் மோசமானதற்கும் காரணம் இதுதான்.

கணக்கு ஒன்றுதான், இதைப் பட்டறைச் சுவரில் எழுதி வைத்துவிடுங்கள். ஃபீடை ஆர்பிஎம்மாலும் ஃப்ளூட் எண்ணிக்கையாலும் வகுத்தால், ஒவ்வொரு வெட்டு விளிம்பும் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தடிமனான சீவலை எடுக்கிறது என்பது வரும். சிப் லோடு என்று சொல்வது இதைத்தான். உங்கள் 1500-ஐ 24,000 × 2 ஆல் வகுத்தால் 0.03 மி.மீ. ஃபீடை 1000 ஆக்கியதும் 0.02. சாதாரண ஜெராக்ஸ் பேப்பரே சுமார் 0.1 மி.மீ. இருக்கும், நீங்கள் அதில் ஐந்தில் ஒரு பங்கு தடிமனுக்கு மரத்தைச் சீவச் சொல்கிறீர்கள். அவ்வளவு மெல்லியதை கார்பைட் விளிம்பு சீவாது, மேலே தேய்த்துக்கொண்டே போகும். அப்பாவிடம் கேளுங்கள், இழைப்புளியில் அலகை வெளியே நீட்டாமல் தள்ளினால் மரம் பளபளப்பாகுமே தவிர சுருள் வராது, அப்படித்தான் இதுவும். தேய்த்தால் சூடு வரும். அந்தச் சூட்டை வெளியே கொண்டுபோக வேண்டியது சீவல், இங்கே சீவலே இல்லை, மாவு மாதிரி தூள்தான் வருகிறது, அதனால் சூடு முழுக்க கட்டரிலும் மரத்திலும் தங்கிவிடுகிறது. கூடவே தேக்குக்கு இன்னொரு குணம், அதில் சிலிக்கா இருக்கிறது, மணல் தேய்ப்பது போல முனையை மழுக்கும். தேய்க்கும் தூரம் கூடக் கூட கட்டர் ஆயுள் குறையும். ஒரு மீட்டர் வெட்டுக்கு உங்கள் செட்டிங்கில் ஒவ்வொரு விளிம்பும் பதினாறாயிரம் முறை மரத்தில் மோதுகிறது. சிப் லோடை 0.1 ஆக்கினால் அது ஐயாயிரமாகக் குறையும். கட்டர் மிச்சமாவது இதில்தான், விலை கூடிய கட்டர் வாங்குவதில் அல்ல.

சரி, எங்கே தொடங்குவது? ஸ்பிண்டிலை 18,000-க்கு இறக்குங்கள். ஸ்பிண்டில் வேகத்தை மாற்றும் உங்கள் விஎஃப்டியில் ஆர்பிஎம் காட்டாமல் ஹெர்ட்ஸ் காட்டினால் குழம்ப வேண்டாம், இந்த வகை ஸ்பிண்டில் 400 ஹெர்ட்ஸில் 24,000 சுற்றும், 300-ல் 18,000, 200-ல் 12,000. அப்புறம் ஃபீடை 3600 வையுங்கள், சிப் லோடு 0.1 வந்துவிடும். ஆழம் 4 மி.மீ.-ல் ஆரம்பித்து, சத்தம் சரியாக இருந்தால் கட்டர் விட்ட அளவுக்கு, அதாவது 6 வரைக்கும் போகலாம். கட்டர் கம்பெனிகளின் அட்டவணைகளில் கால் அங்குல கட்டருக்கு கடின மரத்தில் 0.2-க்கும் மேலே போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து மிரள வேண்டாம். அது டன் கணக்கில் எடையுள்ள, செர்வோ போட்ட, வேக்கம் டேபிளில் பலகையை அசையாமல் பிடித்துவைக்கிற மெஷினுக்கு. நம் கையில் இருக்கிற மாதிரி ஸ்டெப்பர் மெஷினுக்கு அதில் பாதி நல்ல தொடக்கம், பிறகு 0.12, 0.15 என்று ஏற்றிப் பார்க்கலாம்.

மெஷின் அதிர்கிறது, 3600-ல் பயமாக இருக்கிறது என்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது ஃபீடில்தான். அதைத் தொடாதீர்கள். ஆழத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் ஆர்பிஎம்மையும் ஃபீடையும் சேர்த்தே இறக்குங்கள். 12,000-ல் 2400 ஓட்டினாலும் அதே 0.1 தான். ஆனால் ஒரு எச்சரிக்கை, ஆர்பிஎம் பாதியானால் ஸ்பிண்டிலின் பவரும் கிட்டத்தட்ட பாதியாகிவிடும், 12,000-ல் உங்களிடம் இருப்பது 3 அல்ல, ஒன்றரை கிலோவாட். 6 மி.மீ. கட்டருக்கு அது போதும். பெரிய விட்டமுள்ள மோல்டிங் பிட் போட்டுவிட்டு ஆழமாகத் தள்ளினால்தான் ஸ்பிண்டில் முக்கும். 10,000-க்குக் கீழே இறக்குவதை நான் பொதுவாகத் தவிர்ப்பேன். வேகமாக ஓடவே முடியாத மெஷின் என்றால் ஒரே ஃப்ளூட் உள்ள கட்டர் வாங்குங்கள், 18,000-ல் 1800 ஓட்டினாலே 0.1 கிடைக்கும். கடைக்காரர் நான்கு ஃப்ளூட் கொடுத்து இதுதான் ஃபினிஷிங் நன்றாக வரும் என்பார், இரும்பு வேலைக்கு அது சரி. மரத்துக்கு அதை வாங்கினால் உங்கள் ஃபீடுக்குக் கருகல் இரண்டு மடங்காகும்.

அந்த 24,000 கதை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், இந்த மெஷின்களை விற்பவர்களில் பலர் ஒரு டெமோ ஃபைலை எல்லா இடத்திலும் ஓட்டிக் காட்டுகிறவர்கள், பெரும்பாலும் 3 மி.மீ. பிட், எம்டிஎஃப், மேலோட்டமான ஒரு பூ டிசைன். அதில் எதை வைத்தாலும் ஓடிவிடும். தேக்கில் 35 மி.மீ. கனத்தில் நாள் முழுக்க ஓட்டிப் பார்க்கிற வேலை அவர்களுக்கு இல்லை.

இப்போது ஃபினிஷிங் பாஸ். நீங்கள் எழுதவில்லை, ஆனால் படத்தில் தெரிகிறது, கடைசியில் கொஞ்சம் விட்டு ஒரு சுற்று சுத்தம் செய்கிறீர்கள், அதுவும் மெதுவாக. நீட்டாக வரட்டும் என்று அந்தச் சுற்றில் ஃபீடைக் குறைப்பது நம் ஊரில் எல்லாப் பட்டறையிலும் உள்ள பழக்கம். விஷயம் என்னவென்றால், கட்டர் முழு அகலத்தில் வெட்டும்போதுதான் கணக்கில் வருகிற 0.1 உண்மையான 0.1. பக்கவாட்டில் 0.3 மி.மீ. மட்டும் வைத்து 6 மி.மீ. கட்டரை ஓட்டினால் விளிம்பு மரத்துக்குள் வந்ததும் வெளியே போய்விடுகிறது, சீவலின் தடிமன் கணக்கில் உள்ளதில் பாதியைக்கூட எட்டாது, 0.04 அளவுக்குத்தான் நிற்கும். அதிலும் ஃபீடைப் பாதியாக்கினால் 0.02. முதலில் ஆழமாக அள்ளி வெட்டிய ரஃபிங் சுற்று சுத்தமாக வந்து, அலங்காரமாக எடுத்த கடைசிச் சுற்று கருகுவதன் மர்மம் இதுதான். அந்தச் சுற்றுக்கு ஃபீடை 3600-லேயே வைத்துக்கொண்டு ஸ்பிண்டிலை 12,000-க்கு இறக்குங்கள். முழு ஆழத்தையும் ஒரே சுற்றில் எடுங்கள், பாஸ் கோடுகளும் போய்விடும். நேரடியாகக் குத்தி இறங்காமல் சாய்வாக இறங்கும் ராம்ப் வையுங்கள், சாஃப்ட்வேரில் ஒரு டிக் போட்டால் வந்துவிடும். டிசைன் ஒத்துக்கொண்டால் உள் மூலைகளின் ஆரத்தைக் கட்டரின் ஆரத்தைவிடக் கொஞ்சம் கூட்டி, 3-க்குப் பதில் 4 என்று வரைந்தால் மெஷின் நின்று திரும்பாமல் வளைந்து போகும், மூலைக் கருப்பில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

ஓடும் திசையும் பார்க்க வேண்டும். வெளிச்சுற்றில் கட்டர் மேலிருந்து பார்க்கக் கடிகாரத் திசையில் பலகையைச் சுற்றினால் அது கிளைம்ப், எதிர்த் திசையில் போனால் கன்வென்ஷனல். ரஃபிங்கைக் கன்வென்ஷனலில் எடுத்தால் லேசான மெஷின்கூடத் துள்ளாது, ஆனால் ரேகை ஓரத்தை நோக்கி வெளியேறுகிற இடத்தில் மரத்தைப் பிளந்துகொண்டு போகும். கடைசி 0.3-ஐ கிளைம்பில் எடுத்தால் பிசிறு அடங்கும். கணு இருக்கிற இடத்தில் எந்தத் திசையும் உத்தரவாதம் இல்லை, அங்கே அப்பாவின் உளிதான்.

பிளைவுட் பிரச்சினைக்கும் ஃபீடுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. கம்ப்ரஷன் பிட்டை வெளிச்சத்தில் வைத்துத் திருப்பிப் பாருங்கள், நுனிப் பக்கம் முறுக்கு ஒரு திசை, அதற்கு மேலே எதிர்த் திசை. நுனிப் பகுதி மேல்நோக்கித் தூக்கும், மேல் பகுதி கீழ்நோக்கி அமுக்கும், இரண்டும் சந்திக்கிற இடம் பலகைக்குள்ளே இருந்தால்தான் இரண்டு முகமும் சுத்தமாக வரும். நீங்கள் பாஸுக்கு 3 மி.மீ. என்கிறீர்கள். 6 மி.மீ. பிட்டில் அந்தத் தூக்கும் பகுதியே பெரும்பாலும் அதைவிட நீளம், ஆக முதல் பாஸில் மேல் வெனியரை வெட்டுவது தூக்கும் பகுதி மட்டும்தான், பிய்யாமல் என்ன செய்யும்? ஸ்கேல் வைத்து அந்த நீளத்தை அளந்துகொள்ளுங்கள், முதல் பாஸ் அதைவிட ஒன்றிரண்டு மி.மீ. ஆழமாக இருக்க வேண்டும். 18 மி.மீ. பிளைவுட் என்றால் இரண்டே பாஸ், ஒன்பது ஒன்பதாக, அடியில் விரித்த பழைய பலகைக்குள் கட்டர் மிக லேசாக இறங்கட்டும். இந்த ஆழத்துக்கு 16,000 ஆர்பிஎம், 3200 ஃபீடில் ஆரம்பியுங்கள். மெஷின் அதைத் தாங்கவில்லை என்றால் கம்ப்ரஷன் பிட்டை மறந்துவிட்டு, கீழ்நோக்கி அமுக்கும் டவுன்கட் கட்டரில் மேல் 3 மி.மீ.-ஐ வெட்டி, மீதியை மேல்நோக்கித் தூக்கும் அப்கட்டில் முடியுங்கள். டவுன்கட்டிலேயே கடைசி வரை ஓட்டினால் சீவல் வெளியே வர வழியில்லாமல் பள்ளத்துக்குள்ளேயே அடைந்து சூடேறும்.

சாமி உருவத்துக்கு வருவோம், உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்தது இதுதான். 3000 கொடுத்தும் மெஷின் ஓடவில்லை என்றால் மெஷினில் பழுது இல்லை. 3000 என்பது வினாடிக்கு 50 மி.மீ. நின்ற இடத்திலிருந்து அந்த வேகத்தை எட்ட ஒரு தூரம் வேண்டும், உங்கள் கன்ட்ரோலரில் ஆக்ஸிலரேஷன் (வேகம் கூடும் வீதம்) 300 என்று இருந்தால் நாலு மி.மீ.-க்குக் கொஞ்சம் மேலே, நிறுத்தவும் அதே அளவு. லட்சுமியின் நெற்றிச்சுட்டி, காது ஜிமிக்கி, தாமரை இதழின் விளிம்பு, இதெல்லாம் ஒன்று இரண்டு மி.மீ. ஏற்ற இறக்கம். அந்த இடங்களில் எத்தனை கொடுத்தாலும் அது ஆயிரத்தையோ ஆயிரத்து ஐந்நூறையோ தாண்டாது, திரையில் மட்டும் 3000 தெரியும். ஆகவே குடையும் வேலையில் சிப் லோடைக் கணக்கிடும்போது கொடுத்த ஃபீடை வைக்காமல் உண்மையில் ஓடுகிற ஃபீடை வைக்க வேண்டும். அதைக் கண்டுபிடிப்பது சுலபம், சாஃப்ட்வேரில் காட்டும் மொத்தப் பாதை நீளத்தை, ஓடி முடிக்க ஆன நிமிடங்களால் வகுத்துவிடுங்கள். ஆக்ஸிலரேஷனைக் கொஞ்சம் ஏற்றலாம், 300-ஐ 400 ஆக்கிப் பாருங்கள், தலையைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கேன்ட்ரி உதறினால் திரும்ப இறக்கிவிடுங்கள்.

நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வேறு, ஸ்டெப்ஓவர், அதாவது அடுத்தடுத்த கோடுகளுக்கு நடுவே விடும் இடைவெளி. 600-க்கு 450 மி.மீ. பேனலில் நுனி உருண்டையாக ஒரு மி.மீ. ஆரமுள்ள டேப்பர் பால்நோஸ் கட்டர் போட்டு 0.2 ஸ்டெப்ஓவர் வைத்தால் 2250 கோடுகள், மொத்தம் 1350 மீட்டர் பாதை. உண்மையான வேகம் 1500 என்றால் 15 மணி நேரம். அதையே 0.3 ஆக்கினால் 10 மணி நேரம். இரண்டுக்கும் நடுவே கோடுகளின் உயரத்தில் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 0.2-ல் 0.005 மி.மீ., 0.3-ல் 0.011. 220 நம்பர் உப்புத்தாள் ஒரு கை தேய்த்தால் இரண்டுமே காணாமல் போகும். எப்படியும் தேய்க்கத்தான் போகிறீர்கள், ஐந்து மணி நேரத்தை ஏன் மெஷினுக்குக் கொடுக்க வேண்டும்? முகத்தை மட்டும் தனியாக எல்லை வரைந்து 0.15-ல் இன்னொரு சுற்று ஓட்டுங்கள், கண்ணும் உதடும் எடுப்பாக வரும், யாரும் பீடத்தின் ஓரத்தைக் குனிந்து பார்ப்பதில்லை.

கோடுகள் ரேகையோடு போகட்டும், குறுக்கே போனால் பிசிறு நிற்கும், தேய்க்கவும் கஷ்டம். கூடவே, உங்கள் மெஷினில் கேன்ட்ரி முழுவதையும் முன்னும் பின்னும் இழுப்பதைவிட கேன்ட்ரி மேல் தலையை மட்டும் பக்கவாட்டில் ஓட்டுவது மோட்டாருக்கு இலகு, வேகமும் கூடக் கிடைக்கும். பேனல் தனியாகக் குடைந்து சட்டத்தில் செருகுவதாக இருந்தால் அதை மேஜையில் குறுக்காகத் திருப்பி வையுங்கள், ரேகையும் தலையின் ஓட்டமும் ஒரே திசையில் வந்துவிடும். முழுக் கதவாகக் குடைந்தால் இந்த வசதி இல்லை. ரஃபிங் செய்யாமல் நேராகப் பால்நோஸை இறக்குகிறீர்களா என்று எழுதவில்லை, அப்படியென்றால் அதை நிறுத்துங்கள், முதலில் 6 மி.மீ. கட்டரில் அரை மி.மீ. விட்டு அள்ளிவிடுங்கள். மெல்லிய நுனிக்கு அள்ளும் வேலை கொடுத்தால் ஒடியும்.

சார்ட் கேட்டீர்கள். போட்டுக் கொடுத்தால் அதை அப்படியே நம்புவீர்கள் என்பதால் கொடுக்கத் தயக்கம், தொடக்கத்துக்கு வேண்டுமானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். 6 மி.மீ. இரண்டு ஃப்ளூட் கட்டருக்கு சிப் லோடு தேக்கில் சொன்னபடி 0.1. வேங்கை, கருமருது மாதிரி வைரம் பாய்ந்த மரத்தில் 0.08, ஆழத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். மலைவேம்பு, பைன், எம்டிஎஃப் என்றால் 0.15, அதாவது 18,000-ல் 5400. அந்த வேகத்தில் உங்கள் மெஷின் ஸ்டெப்பை இழந்து டிசைன் நகர்ந்துபோனால் 14,000-க்கும் 4200-க்கும் வாருங்கள். 3 மி.மீ. கட்டருக்கு எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட பாதி, தேக்கில் 18,000-க்கு 2000 சுற்றுவட்டாரம், ஆழம் 2-லிருந்து 3. மேஜை மட்டம் எடுக்கிற பெரிய பிட் இருக்கிறதே, அதன் தண்டிலோ டப்பாவிலோ அதிகபட்ச ஆர்பிஎம் போட்டிருக்கும், அதைப் படிக்காமல் 24,000-ல் சுழற்றாதீர்கள், விட்டம் கூடக் கூட ஓரத்தின் வேகம் ஏறிக்கொண்டே போகும், பிளேடு கழன்று பறந்தால் சுவர்தான் தடுக்கும்.

மிச்சத்தை நீங்களே ஒரு வேஸ்ட் பலகையில் கண்டுபிடிக்கலாம். அதே தேக்கு, புதுக் கட்டர். பழையதில் சோதித்தால் எந்த எண்ணும் பொய் சொல்லும். ஓர் அடி நீளத்துக்குப் பக்கம் பக்கமாகக் கோடுகள் போடுங்கள், முதல் கோடு 2400, அடுத்தது 3000, 3600, 4200 என்று, ஆர்பிஎம் 18,000-ஐ மாற்றாமல். ஒவ்வொரு கோட்டிலிருந்தும் விழுவதை ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். மாவாக ஒட்டினால் இன்னும் தேய்க்கிறது, தனித்தனிச் செதிலாக உருண்டால் வெட்டுகிறது. ஸ்பிண்டில் முழுதாக நின்றபிறகு கட்டரைத் தொட்டால் வெதுவெதுப்புக்கு மேல் இருக்கக் கூடாது. ஓரத்தில் பிசிறோ அலையோ தெரிகிற கோடு வந்ததும் அதற்கு முந்தைய கோட்டின் எண்ணை எடுத்து நோட்டில் எழுதுங்கள், மரம், கட்டர், ஆழம் எல்லாம் சேர்த்து. உங்கள் பட்டறைக்கு உண்மையான சார்ட் அந்த நோட்டுதான், என் மெஷினில் எடுத்த எண் உங்கள் மெஷினுக்குப் பொருந்த வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

சோதனைக்கு முன்னால் கட்டரைக் கவ்விப் பிடிக்கும் கொலெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். உள்ளே தேக்குப் பிசினும் தூளும் சேர்ந்தால் கட்டர் மையத்தை விட்டு விலகிச் சுற்றும். அந்த விலகல் 0.05 மி.மீ. என்று வையுங்கள், உங்கள் பழைய 0.03 சிப் லோடில் இரண்டு ஃப்ளூட்டில் ஒன்று மரத்தைத் தொடவே தொடாது. கட்டரை எவ்வளவு வெளியே நீட்டிப் பிடிக்கிறீர்கள் என்பதும் முக்கியம், 25 மி.மீ. நீட்டியதை 35 ஆக்கினால் அதே விசைக்கு வளைவு ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காகும். கட்டரில் பழுப்பாக ஒட்டியிருக்கும் பிசினை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் வந்துவிடும், மழுங்கிவிட்டது என்று நாம் தூக்கிப் போடும் கட்டர்களில் சில வெறும் அழுக்குதான். மண்ணெண்ணெய் வேலையை மெஷினிலிருந்து தள்ளி, தூள் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

இன்னொன்று, ஓடும்போது போன் வந்தால் நகர்வை மட்டும் நிறுத்தும் ஃபீட் ஹோல்ட் பட்டனை அழுத்திவிட்டு நகராதீர்கள். கட்டர் பள்ளத்துக்குள் நின்ற இடத்திலேயே சுற்றினால் சில நொடியில் புகையும், அந்தக் கனல் டஸ்ட் கலெக்டர் பைக்குப் போனால் உள்ளே மெல்லப் புகைந்துகொண்டே கிடந்து, பட்டறை பூட்டிய பிறகு தீப்பிடிக்கும். முதலில் மேலே தூக்கிவிட்டு அப்புறம் நிறுத்துங்கள். மாஸ்க் போடுங்கள், மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் முதல் பிரிவில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சேர்த்து வெகுகாலம் ஆகிறது. அப்பா துண்டைக் கட்டிக்கொள்வார் என்று தெரியும், துண்டு போதாது.

சோதனைக் கோடுகள் போட்ட பலகையைப் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி படம் எடுத்து அனுப்புங்கள், கம்ப்ரஷன் பிட்டில் அந்தத் தூக்கும் பகுதி எத்தனை மி.மீ. என்று அளந்து அதையும் எழுதுங்கள், பிளைவுட்டுக்கு முதல் பாஸ் ஆழத்தை அதை வைத்துச் சரியாகச் சொல்லிவிடலாம்.